மூண்டாந்தரம் இறங்கேக்கை

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் இடையிலுள்ள தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லுகிற இணையப் பக்கங்கள் இருக்கின்றன. வேலை மினக்கெட்டவர்களுக்கென்றே செய்தவை போலிருக்கும். எனக்கு அவற்றில் ஒரு பைத்தியம். கம்பஸில் விரிவுரை அலுத்தால் மேசைக்குக் கீழே கைபேசியை வைத்துக்கொண்டு, ஒருநாளும் போகப்போகாத இரண்டு ஊர்களைப் போட்டுப் பார்ப்பேன். இந்தச் சமுத்திரத்தில் ஒரு தீவு, அந்தச் சமுத்திரத்தில் ஒரு தீவு. ஒரு பாலைவனத்து ஓடுபாதை, ஒரு பனிப்பாறை ஓடுபாதை. இரண்டுக்கும் நடுவே ஒரு வளைந்த கோடு விழும், கீழே நேரம் வரும். அந்தக் கோட்டில் எந்த விமானமும் பறப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்ப்பேன்.

அப்படித்தான் ஒருநாள் எங்கள் பக்கத்து விமான நிலையமான பலாலியையும் அக்காவின் ஊரையும் போட்டேன்.

அக்கா கலியாணம் முடித்து நோர்வேயின் வடக்கு நுனிக்குப் போய் மூன்று வருடம். அத்தானுக்கு அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் பருத்தித்துறைக் கடற்கரை ஆட்கள். அப்பா இன்றைக்கும் தொழிலுக்குப் போகிறவர். "கடலுக்குப் போறவனுக்குப் பெட்டையைக் குடுக்கமாட்டன் எண்டு நிண்டனான். கடைசியிலை மீன் வெட்டுறவனுக்குக் குடுத்திருக்கிறன், அதுவும் ஐஸுக்குள்ளை" என்று யாராவது கேட்டால் அவரே சொல்லிச் சிரிப்பார். அந்த ஊரின் பெயரை எங்கள் வீட்டில் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்வோம். மூன்றும் பிழை என்று அக்கா சொல்வாள். ஒரு மலை, மலைக்குக் கீழே ஒரு துறைமுகம், மலைக்கு மேலே ஒரு சின்ன ஓடுபாதை. பெரிய விமானம் எதுவும் அங்கே இறங்காது.

அந்த இணையப் பக்கம் சொன்னது: ஏறத்தாழ ஏழாயிரத்து அறுநூறு கிலோமீற்றர். ஒன்பது மணித்தியாலம்.

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "எவ்வளவாம்?" என்று கேட்டார். சொன்னேன்.

"ஒன்பது மணித்தியாலமோ? கொழும்பு பஸ்ஸும் அவ்வளவுதானே."

"அம்மா, அப்பிடி ஒரு பிளேன் இல்லை. உது சும்மா பூமியிலை ஒரு கோட்டைக் கீறி வேகத்தாலை பிரிச்சுச் சொல்லுது. நீங்கள் போறதெண்டால் இரண்டு நாள் எடுக்கும்."

"கோடு கீறலாம் எண்டால் வழி இருக்குத்தானே" என்றுவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கத் திரும்பினார்.

அம்மா அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அக்காவுக்கு அப்போது ஆறாம் மாதம். முதல் பிள்ளை. அக்கா எதையும் கேட்கிறவள் அல்ல. கலியாணத்துக்கு நகை கேட்கவில்லை, போகும்போது அழவில்லை, போன பிறகு குளிர் என்றுகூடச் சொல்லவில்லை. அவள் ஒரு பின்னேரம் வீடியோவில் வந்து, கதை எல்லாம் கதைத்து முடித்து, வைக்கப்போகிற நேரத்தில் சொன்னாள்: "அம்மா, எனக்குப் பயமாக் கிடக்கு. நீங்கள் பக்கத்திலை நிண்டால் காணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு கதை நடக்கவில்லை. முதல் தடவை விசா கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை கிடைத்தது. கிடைத்தபோது அக்காவுக்குப் பிள்ளை பிறக்க மூன்று கிழமையும் கொஞ்சமும் இருந்தது. அம்மா சரக்குச் சாமான் வறுத்து இடித்தார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற அந்தத் தூளின் மணம் ஒரு கிழமை எங்கள் திரைச்சீலையில் நின்றது.

பயணத்தை நான்தான் போட்டேன். பலாலியிலிருந்து சென்னை. சென்னையில் பெரியம்மாவின் மகன் இருக்கிறார், அவர் ஒருநாள் வைத்திருந்து அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார். அங்கிருந்து ஒரு வளைகுடா நாடு, பிறகு ஒஸ்லோ, பிறகு வடக்கே ஒரு பட்டணம், அங்கிருந்து அக்காவின் ஊருக்கு ஒரு குட்டி விமானம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே எல்லா இடத்திலும் சக்கர நாற்காலி கேட்டிருந்தோம். எங்கள் பக்கத்துத் தாய்தகப்பன் முக்கால்வாசிப் பேர் வெளிநாட்டுக்குப் போவது அப்படித்தான். ஐந்து கிலோமீற்றர் நடந்து கோயிலுக்குப் போகிறவர்களை விமான நிலையத்தில் நாற்காலியில் இருத்தி உருட்டுவார்கள்.

"நடக்கிற மனிசியை ஏன் உருட்டுகினம்?" என்று அப்பா கேட்டார்.

"உருட்டினால் துலையமாட்டா, அப்பா."

"அப்ப என்னையும் உருட்டச் சொல்லு, நானும் போறன்."

கடைசி விமானம்தான் சிக்கல். அந்தக் கரையில் ஊருக்கு ஊர் ஒரு குட்டி ஓடுபாதை. விமானம் பஸ்ஸைப் போல ஒவ்வொன்றாக இறங்கி, ஆட்களை இறக்கி, ஏற்றிக்கொண்டு போகும். அதில் நாற்காலி கிடையாது. அத்தான் அந்த வடக்குப் பட்டணத்துக்கே வந்து கூட்டிப்போவதாக இருந்தார். ஆனால் அக்காவைத் தனியே ஓர் இரவு விட அவருக்கு மனமில்லை. வீடியோவில் அம்மாவுக்கு வழி சொன்னார்.

"மாமி, ஊர்ப் பேர் அவை சொன்னால் உங்களுக்கு விளங்காது. எனக்கே முதலிலை விளங்கேல்லை. நீங்கள் ஒண்டு செய்யுங்கோ. முதலாந்தரம் இறங்கும், பேசாமல் இருங்கோ. இரண்டாந்தரம் இறங்கும், இருங்கோ. மூண்டாந்தரம் இறங்கேக்கை எழும்பி வாங்கோ. நான் வாசலிலை நிப்பன்."

"உது எனக்குப் பழக்கம்தானே தம்பி" என்றார் அம்மா.

உண்மையில் பழக்கம்தான். எங்கள் ஊரில் பஸ்ஸில் இறங்கும் இடத்துக்குப் பெயர் சொல்லி யாரும் வழி சொல்வதில்லை. சந்தி தாண்டி இரண்டாவது கோயில், மதகு தாண்டி மூன்றாவது ஒழுங்கை என்றுதான். அம்மா யாழ்ப்பாணம் போகும்போது ஜன்னலோரம் இருந்து கோயில்களை எண்ணிக்கொண்டு வருவார். ஒவ்வொன்றுக்கும் கும்பிடுவதால் எண்ணிக்கை பிசகாது. நான் ஊரின் பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு மட்டையில் எழுதிக் கொடுத்தேன். "பள்ளிக்கூடப் பிள்ளையே நான், மட்டை கொண்டு திரிய? ரிக்கெற்றிலை பேர் இருக்குத்தானே" என்று திருப்பித் தந்துவிட்டார்.

தை மாதத்தில் அம்மா போனார். பலாலியில் விமானம் கிளம்பி வடக்கே திரும்பும்வரை அப்பா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விமானங்களை வரைபடத்தில் ஓடவிட்டுக் காட்டுகிற செயலி ஒன்று அதில் இருக்கிறது. அம்மாவின் விமானம் ஒரு மஞ்சள் பொட்டாகக் கடலுக்குமேல் போவதை அப்பாவுக்குக் காட்டினேன். உயரம், வேகம், திசை எல்லாம் அதில் வரும்.

"உதுக்குள்ளையோ இருக்கிறா?"

"ஓம்."

அவர் கைபேசியை வாங்கி, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தந்தார்.

சென்னையிலிருந்து பெரியம்மாவின் மகன் அண்ணை படம் அனுப்பினார். அம்மா நாற்காலியில், மடியில் கைப்பை, முகத்தில் ஒரு கூச்சம். பிறகு அந்தப் பெரிய விமானங்கள் எல்லாவற்றையும் நான் விடாமல் பார்த்தேன். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சந்தோசமாகத்தான் இருந்தது. இத்தனை நாள் சும்மா பார்த்த பொட்டுகளில் ஒன்றுக்குள் எங்கள் ஆள் இருக்கிறார். வடக்குப் பட்டணத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் நாற்காலி தள்ளிய பெடியன் யாரோ வைஃபை போட்டுக் கொடுத்திருக்கிறான். அம்மாவின் குரல் வந்தது. "சின்னப் பிளேனடிக்கு வந்திட்டன். உருட்டுறதை விட்டுட்டினம். குளிர் பறவாயில்லை. இனி எண்ணுறதுதான்."

அப்போது எங்களுக்குப் பின்னேரம். வாடைக் காற்றுக்குக் கடல் கொந்தளிப்பாக இருந்ததால் அப்பா அன்றைக்குத் தொழிலுக்குப் போகவில்லை. நானும் அவரும் விறாந்தையில் இரண்டு கதிரை போட்டு, நடுவில் ஒரு ஸ்ரூலில் கைபேசியைச் சாத்திவைத்து இருந்தோம். பொட்டு கிளம்பியது. கரையோரமாகப் போய், கொஞ்சத்தில் தாழ்ந்து, நின்றது.

"ஒண்டு" என்றார் அப்பா.

திரும்பக் கிளம்பியது. அடுத்த ஊருக்குக் கிட்டப் போனதும் உயரம் குறைந்துகொண்டு வந்தது. ஆயிரம் அடிக்கும் கீழே வந்த பிறகு மெல்லக் கூடத் தொடங்கியது. பொட்டு ஒரு வட்டம் போட்டது. இன்னொரு தரம் தாழ்ந்தது. இன்னொரு தரம் ஏறியது. பிறகு நேரே கிழக்குப் பக்கம் போனது.

"என்ன, இறங்கினதோ?"

"இல்லை அப்பா. இறங்கேலாமல் விட்டுட்டுப் போகுது. அங்கை காத்தோ பனியோ தெரியேல்லை."

"விட்டுட்டு எங்கை போகுது?"

"அடுத்த ஊருக்கு."

"அடுத்த ஊர் அக்கான்ரை ஊர்தானே. நல்லதாப் போச்சு. வெள்ளென போய்ச் சேர்ந்திடும்."

நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் அம்மாவின் கணக்கு ஞாபகம் வந்தது.

"அப்பா, அம்மா எண்ணிக்கொண்டெல்லே இருக்கிறா."

அவர் என்னைப் பார்த்தார். நான் விளங்கப்படுத்தினேன். இப்போது இறங்கப்போவது அம்மாவுக்கு இரண்டு. இரண்டு என்றால் இருக்கவேண்டும். அக்காவின் ஊரில் விமானம் நிற்கும், கதவு திறக்கும், அம்மா அசையாமல் இருப்பார்.

அத்தானுக்கு எடுத்தேன். அடிக்கவேயில்லை. அவர் வீட்டிலிருந்து மலையேறிப் போகிற அந்த றோட்டில் சிக்னல் இல்லை என்று எனக்குத் தெரியும். விமானம் நேரத்துக்கு வரும் என்று கணக்குப் பார்த்து வெளிக்கிட்டிருப்பார். ஓர் ஊரைத் தவிர்த்ததால் அது வெள்ளென, நேரத்துக்கு முதலே, வரப்போவது அவருக்குத் தெரியாது. திரும்ப எடுத்தேன். வாட்ஸ்அப்பில் எழுதினேன். ஒற்றைச் சரி மட்டும் விழுந்தது.

"அக்காவுக்கு எடுக்கட்டோ? அவள் எயாப்போட்டுக்கு அடிச்சுச் சொல்லுவாள்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம். தனிய இருக்கிறாள். பதகளிச்சுப்போட்டு எழும்பி ஓடுவாள். வேண்டாம்."

நானே அந்த விமான நிலையத்தின் இலக்கத்தைத் தேடிப் பிடித்து அழைத்தேன். அடித்தது. ஒரு பெண்குரல் நிதானமாக அவர்கள் மொழியில் ஏதோ சொன்னது, பதிவு செய்த குரல். ஒன்றை அழுத்தச் சொல்கிறதா, இரண்டை அழுத்தச் சொல்கிறதா, விளங்கவில்லை. ஒன்றை அழுத்தினேன். இன்னொரு பாட்டம் நிதானமாகச் சொன்னது. எல்லா இலக்கத்தையும் அழுத்திப் பார்த்தேன். கடைசியில் அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

இதற்குள் பொட்டு இறங்கிவிட்டது. அக்காவின் ஊர் ஓடுபாதையில் அது திரும்பி, ஓரமாக வந்து நின்றதுகூடத் தெரிந்தது. அத்தனை துல்லியம். வேகம் பூச்சியம், உயரம் பூச்சியம். அம்மா அதற்குள் இருக்கிறார். எழும்பவேண்டிய இடம் அதுதான். இங்கே பருத்தித்துறையில் இருக்கிற எனக்கு அது தெரிகிறது, உள்ளே இருக்கிற அம்மாவுக்குத் தெரியாது. ஒரு சொல் போதும். எழும்புங்கோ. வைஃபை இல்லாத இடத்தில் அம்மாவின் கைபேசி வேலை செய்யாது, அதைச் சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை. நான் உண்மையாகவே திரையைப் பார்த்து வாய்க்குள் சொன்னேன். அப்பா கேட்டாரோ தெரியாது.

"நீ உதைப் பாத்து என்ன செய்யப் போறாய்?" என்றார் அவர். குரலில் எரிச்சல். "நான் கடலுக்குப் போகேக்கை ஒருத்தரும் என்னைப் பாக்கிறேல்லை. கொம்மா சமைச்சுப்போட்டுப் படுத்திடுவா. உது என்ன சீவன் போற வேலை. வை உதை."

ஆனால் அவரும் கண்ணை எடுக்கவில்லை. பொட்டு அசைந்தது. ஓடியது. ஏறியது.

கொஞ்ச நேரத்தில் அத்தான் எடுத்தார். மூச்சு வாங்கியது. பின்னால் காற்று இரைந்தது.

"பெட்டி வந்திருக்கு. மாமி வரேல்லை."

நான் சொன்னேன். அவர் இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார். சரக்குத்தூளும் கம்பளிச் சட்டைகளும் முருங்கைக்காயும் சரியான ஊரில் இறங்கி, ஒரு பட்டியில் சுற்றிவந்து அவருக்குப் பக்கத்தில் நின்றன.

ஏன் ஒருவரும் அம்மாவை எழுப்பவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இறங்காமல் விட்ட ஊருக்குப் போகவேண்டியவர்கள் எல்லோரும் கதிரைகளில் அப்படியே இருந்திருக்கிறார்கள், அடுத்த பெரிய ஊரில் இறங்கிக்கொள்வதாக. அம்மாவும் அவர்களில் ஒருவர் என்று பணிப்பெண் நினைத்துவிட்டாள். நினைத்தும் ஒருதரம் குனிந்து கேட்டிருக்கிறாள். அம்மா அவளைப் பார்த்துச் சிரித்து மூன்று விரலைக் காட்டியிருக்கிறார். அவளும் சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கடுத்த ஊரில் விமானம் இறங்கியது. அம்மா எழும்பி, எல்லோருக்கும் வழிவிட்டு, கடைசியாக இறங்கினார். கட்டடத்துக்குள் போய் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அங்கே வேலை செய்கிற ஒரு பெண் வைஃபை போட்டுக் கொடுக்க, எங்களுக்கு எடுத்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"நான் வந்திட்டன். பிள்ளை, ஒரு பிசகும் இல்லை. மருமோனைத்தான் காணேல்லை."

அப்பா எழும்பி உள்ளே போய்விட்டார். நான்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் மாறவில்லை. அவர் நம்பவில்லை.

"நான் சரியாத்தானே எண்ணினனான்."

"ஓம் அம்மா. நீங்கள் சரி. அது ஓரிடத்திலை இறங்கேல்லை."

"மேலையும் கீழையும் போச்சுது. ஆனால் தரையிலை முட்டேல்லை. முட்டாததை நான் எப்பிடி எண்ணுறது?"

அவர் எண்ணியது முழுக்கச் சரி.

அன்றைக்கே திரும்பி வருகிற விமானம் ஒன்று இருந்தது. அதை நிற்பாட்டிவிட்டார்கள். புயல். மலைமேல் போகிற றோட்டையும் பூட்டிவிட்டார்கள். அந்த விமான நிலையத்துப் பெண் அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அத்தான் அவளோடு அவர்கள் மொழியில் கதைத்து, நன்றி சொல்லி, என்னிடம் சொன்னார்: "நல்ல சனம். பயப்பிடவேண்டாம். விடியப் பாப்பம்."

விடிந்தும் புயல் விடவில்லை. அடுத்த நாளும் விடவில்லை. அந்தப் பெண்ணின் குசினியிலிருந்து அம்மா வீடியோவில் வந்தார். அவளுடைய கம்பளிச் சட்டை ஒன்று அம்மாவுக்கு முழங்கால்வரை கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை தவிர ஒன்றும் இல்லை.

"மீன் அவிச்சுத் தந்தவள். புளியும் இல்லை, தூளும் இல்லை. ஆனால் நல்ல மீன்."

"என்ன மீன்?" என்று அப்பா எட்டிக் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும். வெள்ளைச் சதை. ஒரு முள் இல்லை."

"முள்ளில்லாத மீனும் ஒரு மீனே."

அவர்கள் இரண்டு பேரும் அப்படிக் கதைத்துக்கொண்டிருக்க, நான் பக்கத்து அறையில் இருந்து அந்த இணையப் பக்கத்தைத் திறந்தேன். அம்மா நிற்கிற ஊர், அக்கா இருக்கிற ஊர். நாற்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. பறக்கும் நேரம் ஒரு பானை சோறு கொதிக்கிற நேரம்கூட இல்லை. இங்கே பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. ஏழாயிரத்து அறுநூறு கிலோமீற்றரும் முடிந்து, அதன் வாலில் இது மிச்சம் கிடந்தது. நான் ஊர்களின் பெயரை இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அதே தூரம் வந்தது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவள் கத்தவில்லை. "அம்மா கிட்டத்தானே நிக்கிறா" என்றாள். பிறகு, "எனக்கு இன்னும் இரண்டு கிழமை கிடக்குத்தானே" என்றாள். அதை அவள் என்னைக் கேட்டாளா, தனக்குச் சொன்னாளா தெரியவில்லை.

மூன்றாம் நாள் எங்களுக்கு மத்தியானம் இருக்கும். அத்தானின் குரல் பதிவு வந்தது. மெதுவாகக் கதைத்தார், பக்கத்தில் ஆட்கள் நிற்கிற மாதிரி. அக்காவுக்குப் பிள்ளைப்பேற்று நோ தொடங்கிவிட்டது. அந்த ஊரில் பிள்ளை பிறப்பிக்க இடமில்லை. காற்றுக் கொஞ்சம் தணிந்ததால் நோயாளர் விமானம் ஒன்று வருகிறதாம், கிழக்கே பெரியாஸ்பத்திரி உள்ள வேறொரு பட்டணத்துக்கு ஏற்றிப்போக. அவரும் கூடப் போகிறார். கடைசியில் சொன்னார்: "மாமிக்கு இப்ப சொல்லாதேங்கோ. அவ அங்கை தனிய நிண்டு ஒண்டும் செய்யேலாது. பிறந்தாப் பிறகு சொல்லுவம்."

அப்பா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவவில்லை, சாப்பிடவும் இல்லை.

"சொல்லுவமோ?" என்று கேட்டேன்.

"சொன்னால் அவ நடக்க வெளிக்கிட்டிடுவா" என்றார்.

நான் செயலியைத் திறந்தேன். அந்தக் கரை முழுக்க வேறு ஒரு பொட்டும் இல்லை. ஒன்றே ஒன்று, அக்காவின் ஊர் ஓடுபாதையில் நின்றது. கொஞ்சம் பொறுத்து அசைந்தது. கிளம்பிக் கிழக்கே திரும்பியது. அது போகிற வழியைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. பட்டணத்துக்கும் அக்காவின் ஊருக்கும் நடுவிலேதான் அம்மா நிற்கிற ஊர்.

அந்த நேரம் பார்த்து அம்மா எடுத்தார்.

"என்ன சாப்பாடு அங்கை?"

"சோறும் சூடைமீன் தீயலும்."

"கொப்பர் சாப்பிட்டவரோ?"

"ஓம், அப்பா சாப்பிடுறார்."

அம்மா அந்தப் பெண்ணின் பூனையைப் பற்றிச் சொன்னார். அது கதிரையில்தான் இருக்குமாம், அதற்கென்று ஒரு கதிரையாம். அவர்களுக்கு அப்போது காலை, ஆனாலும் இருட்டு. குசினி லைற் அம்மாவின் முகத்தில் மஞ்சளாக விழுந்தது. நான் ஓம் ஓம் என்றபடி, அழைப்பைச் சின்னதாக்கி மூலையில் தள்ளிவிட்டு, மற்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொட்டு வந்துகொண்டிருந்தது. அம்மாவின் ஊருக்கு வந்தது. அதற்கு மேலே வந்தது.

அம்மா கதையை நிற்பாட்டினார். தலையைச் சரித்தார்.

"பிளேன் ஒண்டு போகுது. கேக்குதோ உனக்கு?"

எனக்கும் கேட்டது. அந்தக் கைபேசிக்குள்ளால், ஒரு மெல்லிய இரைச்சல்.

"ஓம்."

"அப்ப காலநிலை நல்லா வருது. இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு என்னையும் ஏத்துவினம்." அம்மா ஜன்னல் பக்கம் போய் அண்ணாந்து பார்த்தார். "ஆரோ குடுத்துவைச்ச சனம், போகுதுகள்."

அப்பா சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். அம்மா திரும்பி வந்து பூனைக் கதையைத் தொடர்ந்தார். இரைச்சல் தேய்ந்து போனது. பொட்டு பட்டணத்தை நோக்கித் தாழத் தொடங்கியது.

அன்றைக்குப் பின்னேரமே பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. அக்கா அதிகம் கஷ்டப்பட்டாள் என்று அத்தான் சொன்னார், அதற்கு மேல் சொல்லவில்லை. அடுத்த நாள் றோட்டுத் திறந்ததும் அந்தப் பெண்ணும் புருசனும் அம்மாவைக் காரில் ஏற்றி நேரே பட்டணத்து ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் விட்டார்கள். அம்மா போனபோது அக்கா நித்திரையாம். எழும்பினதும் அம்மாவைப் பார்த்து, "வந்திட்டீங்களோ" என்று மட்டும் கேட்டாளாம்.

இரண்டு நாள் கழித்து அம்மா என்னைத் தனியாக எடுத்தார். ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று கதைத்தார். அக்கா எல்லாம் சொல்லியிருக்கிறாள்.

"அண்டைக்கு நான் கதைச்சுக்கொண்டு நிக்கேக்கை போன பிளேனிலை, அவள்தானோ போனவள்?"

"ஓம் அம்மா."

"உனக்கு அப்பவே தெரியும்."

"ஓம்."

நான் ஏச்சுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஏசவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்தது வேறு.

"அது எவ்வளவு உயரத்திலை போனது?"

சொன்னேன். இலக்கம் இன்னும் எனக்கு ஞாபகத்தில் இருந்தது.

"அவ்வளவு பதிவா, கீழாலைதானே போயிருக்கு. இருட்டு வேறை. நான் நிண்ட குசினியிலை லைற் எரிஞ்சது. அவள் எட்டிப் பாத்திருந்தால் அந்த லைற் தெரிஞ்சிருக்கும், என்ன?"

நோயாளர் விமானத்தில் படுத்தபடிதான் கொண்டுபோவார்கள். ஜன்னல் தலைக்கு நேரே இராது. அன்றைக்கு அந்தக் கரை முழுக்க முகில் மூடிக்கிடந்தது, மழை காட்டுகிற படத்தில் நானே பார்த்தேன். தெரிந்திருக்கும் என்று சொல்ல ஒரு கணம் போதும். எனக்கு அது வாயில் வரவில்லை.

"முகில் இருந்தது அம்மா" என்றேன்.

"ம்" என்றார். அங்கே எங்கேயோ ஒரு கதவு திறந்து மூடியது. "சரி, வை. பிள்ளை அழுகுது."